கிராஃப்ட் பியர் பார்சல்: கேனா, கழுவி நிரப்பும் பாட்டிலா?

சோடாமூடி:
ஜெர்மனியில் ஆன்லைனில் விற்கும் சிறு பியர் ஆலைகள் கேனுக்கு மாறிவிட்டு அதைப் 'பசுமை' என்று விளம்பரப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. 'லாங்நெக்' எனப்படும் 330 மி.லி. நீள்கழுத்துக் கண்ணாடிப் பாட்டிலைப் பலமுறை கழுவி நிரப்பலாம். கேனை ஒவ்வொரு முறையும் உருக்கித்தான் ஆகவேண்டும்.

தகரடப்பா:
பார்சல் என்று வந்தால் முதலில் எடையைப் பாருங்கள். 24 பியர் என்றால் திரவம் மட்டும் 8 கிலோ. காலி கேன்கள் சேர்ந்து 300 கிராம் சொச்சம், லாங்நெக் பாட்டில்கள் ஏறக்குறைய 7 கிலோ. பியர் எடைக்குக் கிட்டத்தட்ட சமமாகக் கண்ணாடியை வேனில் ஏற்றுகிறோம். கேனை நெருக்கி அடுக்கி நடுவே ஒரு அட்டை செருகினால் போதும். பாட்டிலுக்குத் தனித்தனிக் குழி வைத்த காகிதக்கூழ் தட்டு வேண்டும், அதனால் பெட்டியும் பெரிதாகிறது.

சோடாமூடி:
எடை உண்மைதான். ஆனால் காலி பாட்டில் உங்கள் ஆலைக்கே பார்சலில் திரும்ப வேண்டியதில்லையே! லாங்நெக் பல ஆலைகளுக்கும் பொதுவான பாட்டில். வாங்கியவர் பக்கத்துப் பானக்கடையில் கொடுத்து, வாங்கும்போது கட்டிய 8 சென்ட் டெபாசிட்டைப் பெற்றுக்கொள்வார். அந்த வட்டாரத்து ஆலை கழுவி நிரப்பிக்கொள்ளும். ஆலையின் பெயரைக் கண்ணாடியிலேயே பொறிப்பதுதான் காரியத்தைக் கெடுக்கிறது. அப்படிப்பட்ட பாட்டிலைத் தனியே பிரித்து அதே ஆலைக்குத்தான் அனுப்ப வேண்டும். லேபிளிலும் கவனம் தேவை. காகித லேபிள் பாட்டில் கழுவும் 80 டிகிரி காஸ்டிக் சோடாத் தண்ணீரில் உரிந்துவிடும், பிளாஸ்டிக் ஸ்டிக்கர் அடம்பிடிக்கும்.

தகரடப்பா:
அந்தப் பானக்கடை தான் விற்காத பியரின் பாட்டிலையும் வாங்கியே தீரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கேனுக்குச் சொல்கிறது. 2003 முதல் டெபாசிட் உண்டு, இப்போது 25 சென்ட். கேன் விற்கும் கடை 200 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் எந்த ஆலையின் கேனையும் எடுத்தாகவேண்டும். உருக்குவதைக் குறையாகச் சொல்கிறீர்கள். தாதுவிலிருந்து அலுமினியம் எடுக்கும் ஆற்றலோடு ஒப்பிட்டால் பழைய கேனை உருக்க 5 சதவீதம் அளவுதான் ஆகும்.

குளிர்அறை:
பியர் வழியில் சூடாகாமலிருக்கப் பெட்டிக்குள் போகும் தெர்மோகோலையும் குளிர் ஜெல் பொட்டலத்தையும் இருவரும் மறந்துவிட்டீர்கள். 8 கிலோ பியர் 1 டிகிரி சூடேற 33 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 1 கிலோ பனிக்கட்டி உருகும்போது 334 கிலோஜூல் இழுக்கும், அதாவது 10 டிகிரிக்கு ஈடு. பியரையே 20-லிருந்து 3 டிகிரிக்குக் குளிரவைத்து அனுப்பினால் 17 டிகிரி கையில் இருக்கிறது. பெட்டிக்குள் 1.7 கிலோ பனிக்கட்டி வைத்ததற்குச் சமம்! நெளி அட்டை உறை போதும், தெர்மோகோல் வேண்டாம். திங்கள், செவ்வாயில் மட்டும் அனுப்புங்கள், வார இறுதியில் கிடங்கில் கிடக்காது.

சோடாமூடி:
குளிர்ந்த கேனை வெளியே எடுத்தால் வியர்க்கும். அட்டை ஊறி, தூக்கும்போது அடிப்பகுதி பிய்ந்து விழும். ஈர அட்டையில் காகித டேப்பும் ஒட்டாது.

குளிர்அறை:
அதனால்தான் குளிர்அறைக்குள்ளேயே அடுக்கி மூடவேண்டும். ஈரக்காற்று கேனைத் தொடாவிட்டால் வியர்வை ஏது? காகித டேப்பை மட்டும் பெட்டி மடிக்கும்போதே, குளிர்அறைக்கு வெளியில் வைத்து அடியில் ஒட்டிவிடுங்கள்.

தகரடப்பா:
எல்லா பியருக்கும் இது சரிவராது. பழக்கூழ் சேர்த்த புளிப்பு பியரில் ஈஸ்ட் மிச்சமிருந்தால் சூட்டில் மறுபடி புளித்துக் கேன் உப்பி வெடிக்கும். ஒரு கேன் கசிந்தால் பெட்டியே போச்சு. அந்த வகையைக் கோடையில் ஆன்லைனில் விற்கவே கூடாது. ஸ்டவுட் என்ற அடர்ந்த கருநிற பியருக்கோ குளிரூட்டலே தேவையில்லை.

சோடாமூடி:
அதை ஒப்புக்கொள்கிறேன். பாட்டிலை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆலை இருக்கும் ஊருக்குள் வரும் ஆர்டரை ஏன் கூரியரில் போடவேண்டும்? கிரேட்டோடு சரக்கு சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்து, அதே நடையில் காலியை வாங்கி வரலாம். அங்கே உங்கள் 7 கிலோ கணக்கு எடுபடாது.

தகரடப்பா:
ஊருக்குள் சரி. 500 கிலோமீட்டருக்கு அப்பால் போகும் பெட்டிக்குக் கேன்தான். ஆனால் பெட்டி மூடியின் உட்புறம் 'காலி கேனை நசுக்காதீர்கள்' என்று அச்சிடுங்கள். டெபாசிட் குறி கசங்கினால் இயந்திரம் படிக்காது, கேனைத் திருப்பிக் கொடுப்பது சிக்கலாகும்.