ஆர்வத் தேர்வும் திறனறித் தேர்வும் வெவ்வேறு திசை காட்டினால் எதை ஏற்பது?

கேள்வி:
பத்தாம் வகுப்பு முடித்த என் மகளுக்குத் திறனறித் தேர்வில் எண்சார் திறன் மிக உயர்வாகவும், ஆர்வத் தேர்வில் கலைத்துறை முதலிடத்திலும் வந்திருப்பதால், பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவில் சேர்ப்பதென்று தெரியாமல் தவிக்கிறோம்.

மறுமொழி 1:
அம்மா, இது முரண்பாடு அன்று. எதை எளிதில் கற்க இயலும் என்பதைத் திறனறித் தேர்வும், எதில் மனம் ஈடுபடும் என்பதை ஆர்வத் தேர்வும் கூறுகின்றன. 1959இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் முன்வைத்த ஆறு ஆர்வ வகைகளிலும், முதலிடத்தை மட்டும் பாராமல், மேலோங்கிய மூன்றைச் சேர்த்தே பார்ப்பது வழக்கம். கட்டடக்கலையை எண்ணிப் பாருங்கள்; அதற்குக் கணிதம் தேவை, அப்படிப்புக்கான நாட்டா (NATA) நுழைவுத் தேர்வில் வரைதிறனும் சோதிக்கப்படுகிறது.

மறுமொழி 2:
நானும் இதையே சொல்வேன். ஆனால், பதினைந்து வயதின் ஆர்வம் மாறக்கூடியது என்பதால், கணிதம் உள்ள பிரிவில் சேர்த்துவிட்டு, ஓவியப் பயிற்சியை ஒருநாளும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்றிரவே மகளிடம் பேசுகிறேன்.