மெம்பிஸ் குஸ்தியின் சதர்ன் பட்டம்: திங்கள் இரவு கொலிசியம் அரங்குக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பழைய மாணவன்

1985 ஜூன் மாதம். மெம்பிஸ் ஸ்டேட்டில் எம்.எஸ். முதல் வருடம் முடிந்திருந்தது, ஊருக்குப் போகக் காசில்லை. அறைத்தோழன் வந்து, "இன்னைக்கு லாலர் சாவேஜை ஊரைவிட்டே துரத்தப் போறான், கிளம்பு" என்று இழுத்துக்கொண்டு போனான். தோற்றவன் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்பது பந்தயம். சதர்ன் ஹெவிவெயிட் பட்டத்துக்காக மல்லர்கள் ஜெர்ரி லாலரும் ராண்டி சாவேஜும் மாதக்கணக்கில் அடித்துக்கொண்டதற்கு அதுதான் கடைசிக் கணக்கு. மிட்-சவுத் கொலிசியம் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும்.

நான் சொல்ல வந்தது மேட்ச் பற்றி அல்ல. என் பக்கத்தில் ஒரு கிழவி. எழுபது வயது இருக்கும். மடியில் கைப்பை, கையில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம். சாவேஜ் நடந்து வந்தபோது எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் திட்டிய திட்டை எங்கள் ஊர்க் குழாயடியில்கூட நான் கேட்டதில்லை. பிறகு உட்கார்ந்து, கவுனைச் சரிசெய்துகொண்டு, "எடுத்துக்கோ கண்ணு" என்று என்னிடம் கடலையை நீட்டினார். அப்படியே அரை மணி நேரம் ஓடியது. நான் கெட்டிக்காரன் இல்லையா, சும்மா இருக்க முடியவில்லை. "இதெல்லாம் முன்னாடியே பேசி வச்சதுதானே?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. பொட்டலத்தின் வாயை மெதுவாக மடித்தார். இரண்டு மடிப்பு. கைப்பையில் வைத்து மூடினார்.

லாலர் ஜெயித்தபோது கூரை பறந்தது. கிழவி என்னைத் தாண்டிக் கையை நீட்டி அந்தப் பக்கம் இருந்தவரைக் கட்டிக்கொண்டார். நடுவில் நான். நாற்பது வருடமாகிறது.

காலியர்வில் வாசி

அண்ணே, நான் போனது 2009-ல். கொலிசியம் 2006-லேயே மூடிவிட்டார்கள், அதனால் மேட்ச் பார்க்கும் பாக்கியம் இல்லை. ஆனால் ஒரு கராஜ் சேலில் ஷூ டப்பா ஒன்று கிடைத்தது. உள்ளே பூராவும் திங்கள் இரவு டிக்கெட்டின் கிழித்த பாதிகள். விற்ற அம்மா ஐந்து டாலர் சொன்னார், நான் மூன்று என்றேன், சரி என்றார். அவருடைய கணவர் சேர்த்தது என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் அன்று பட்டத்தின் பெல்ட் யாரிடம் போனது என்று குறித்திருக்கிறது. டண்டி. லாலர். டண்டி. பில் டண்டிதான், லாலரோடு மோதிய மல்லன். சிலவற்றில் பெயர்கூட இல்லை, "மறுபடியும்" என்று ஒரே வார்த்தை. மறுபடியும் யார் என்று எழுதத் தேவைப்படவில்லை போலிருக்கிறது. லாலர் அந்தப் பட்டத்தை ஐம்பது தடவைக்கு மேல் வாங்கியவர் அல்லவா!

பிறகுதான் கவனித்தேன். எல்லாமே இரண்டிரண்டாக இருக்கிறது, அடுத்தடுத்த இருக்கை எண். 81-க்குப் பிறகு ஒன்றுதான். நின்றது யார், தொடர்ந்து போனது யார் என்று எனக்குத் தெரியாது. அந்த இரண்டு டாலரைப் பேரம் பேசியிருக்க வேண்டாம்.

நியூஜெர்சி மாமா

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் ஐம்பது தடவை கை மாறினால் அது பட்டமா, பஸ் பாஸா? எங்கள் பக்கம் மல்லன் புரூனோ சம்மார்ட்டினோ 1963-ல் வாங்கிய பெல்ட்டை 1971-ல்தான் விட்டார். அதற்குப் பெயர் சாம்பியன். மெம்பிஸில் திங்கள் போய்ப் புதன் வருவதற்குள் பெல்ட்டில் வியர்வைகூடக் காயாது. நான் லாலரைப் பார்த்ததில்லை, பார்க்கவும் விருப்பமில்லை.

ஜெர்மன்டவுன் மீனா

மாமா, பார்க்காமலே தீர்ப்பு சொன்னால் எப்படி? உங்கள் ஆட்கள் ஒரே அரங்கில் மாதம் ஒருமுறை ஆடினார்கள். மெம்பிஸ் வாரச் சந்தை. திங்கள் மெம்பிஸ், செவ்வாய் லூயிவில், புதன் எவன்ஸ்வில், சனிக்கிழமை காலை சேனல் 5-ல் ஒன்றரை மணி நேரம் நேரடி ஒளிபரப்பு. லான்ஸ் ரஸ்ஸலும் டேவ் பிரவுனும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுவார்கள். டேவ் பிரவுன் அதே சேனலில் மழை வெயிலும் சொன்னவர், அதனால் அவர் சொன்னால் ஊர் நம்பும். அதே ஜனங்களை அடுத்த திங்களும் டிக்கெட் வாங்க வைக்க வேண்டும். பெல்ட் போனால்தானே திரும்ப வாங்க வருவான்? 1974-ல் அதுவரை மெம்பிஸின் ராஜாவாக இருந்த ஜாக்கி ஃபார்கோவிடமிருந்து லாலர் வாங்கினாரே, அது அரியணை மாறிய மாதிரி. மற்றதெல்லாம் வியாபாரம். கேவலமான வியாபாரம் ஒன்றும் இல்லை.

என் கதைக்கு வருகிறேன். 1982 ஏப்ரல் 5. எனக்கு ஒன்பது வயது. ஆண்டி காஃப்மன் என்ற டிவி நகைச்சுவை நடிகர், பெண்களோடு குஸ்தி போட்டு வம்பு வளர்த்துக்கொண்டிருந்தவர், லாலரோடு ரிங்கில் இறங்கிய இரவு. அப்பா ஆராய்ச்சிக்காக மெம்பிஸ் வந்தவர், வாரம் தவறாமல் டிவியில் பார்ப்பார். அன்று என்னையும் கூட்டிப்போனார். பைல்டிரைவர் தெரியுமல்லவா, எதிராளியைத் தலைகீழாகப் பிடித்து அப்படியே உட்காருவது. அங்கே அதற்குத் தடை. லாலர் காஃப்மனைத் தூக்கியதுமே அப்பா என் கண்ணைப் பொத்திவிட்டார். கையில் அமிர்தாஞ்சன் வாசனை, கண் எரிந்தது. கூட்டம் ஒரு தடவை கத்தியது. கை எடுக்கவில்லை. இன்னொரு தடவை கத்தியது. கையை எடுத்தபோது காஃப்மன் கீழே கிடந்தார்.

விதிப்படி லாலர் தகுதியிழந்தார், அதனால் ஜெயித்தது காஃப்மன். இது எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. கழுத்து முறிந்துவிட்டது என்று அப்பா பத்துப் பன்னிரண்டு வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஆடிய நாடகம் என்று பிறகு வெளியே வந்தபோது, காஃப்மன் இறந்தே பல வருடமாகியிருந்தது. அப்பா அன்று ராத்திரி ரசத்துக்கு உப்பு போதவில்லை என்று அம்மாவிடம் சண்டை போட்டார். எனக்கு வேறு குறை. அந்த மெம்பிஸ் இரவைப் பற்றி இன்றைக்கும் எல்லோரும் பேசுகிறார்கள், நானும் அங்கே இருந்தேன், நான் பார்க்கவில்லை.

பாதுகாப்புப் பெட்டகம்

காலியர்வில் தம்பிக்கு முதலில் ஒன்று. அந்த டிக்கெட்டுகளை இன்னும் ஷூ டப்பாவிலேயே வைத்திருக்கிறீர்களா? உடனே எடுங்கள். சாதாரண அட்டையில் அமிலம் இருக்கும், காகிதம் பழுப்பாகிவிடும். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். என் மச்சான் ஒருவர் தாத்தாவின் ரயில் பாஸை லேமினேட் செய்து, எழுத்தே உருகிப் போனது. அமிலமில்லாத உறை கிடைக்கும், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போடுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். மெம்பிஸ் ஈரம் நமக்குத் தெரியாததா? மூன்று நான்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், புது ஷூவோடு வருமே, அதேதான். பென்சில் எழுத்தை விரலால் தொடாதீர்கள், ஓரத்தைப் பிடித்து எடுங்கள். இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்துவிடுங்கள். வரிசை மாறாமல் எண் போடுங்கள், ஆனால் டிக்கெட்டின் மேல் அல்ல, உறையின் மேல். விற்க நினைத்தால் பிரித்து விற்காதீர்கள்.

என் அனுபவம் சின்னதுதான். மெம்பிஸில் முடி வெட்டப் போன கடையில் ஒரு வயதான கறுப்பினப் பெரியவர். சுவரில் மார்ட்டின் லூதர் கிங் படம், அதன் பக்கத்தில் தலைமுடியில் வெள்ளைக் கோடு விழுந்த ஒரு வெள்ளைக்கார மல்லன். யார் என்று கேட்டேன். ஸ்புட்னிக் மன்றோ. 1950-களில் குஸ்தி நடந்த எல்லிஸ் ஆடிட்டோரியத்தில் கறுப்பின மக்களுக்கு மேல்மாடி மட்டும்தான். மன்றோ வெள்ளையர்களுக்கு வில்லன், ஆனால் பீல் தெருவில் கறுப்பின மக்களோடு குடித்துத் திரிந்து போலீசில் மாட்டியவர். அவர்களைக் கீழே உட்கார விடாவிட்டால் மோத மாட்டேன் என்று நின்றார். அவரால்தான் வசூல், வேறு வழியில்லை, விட்டார்கள். பெரியவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, "எங்கப்பா அந்த மாடிப்படி இறங்கினப்ப நான் கையப் பிடிச்சிருந்தேன்" என்றார். பிறகு காதுக்குப் பின்னால் வெட்ட ஆரம்பித்தார்.

நியூஜெர்சி மாமாவுக்கு: பெல்ட்டை எத்தனை வருடம் வைத்திருந்தார் என்று மட்டும் எண்ணினால் இதெல்லாம் கணக்கில் வராது.

நியூஜெர்சி மாமா

மன்றோ விஷயம் வேறு, நான் சொன்னது வேறு. அந்த சதர்ன் பட்டமே 1987-ல் காணாமல் போய்விட்டதே! மற்றப் பட்டங்களோடு சேர்த்து வேறு பெயர் வைத்தார்கள். அப்புறம் 88-ல் லாலர் ஏ.டபிள்யூ.ஏ. என்ற குஸ்தி அமைப்பின் உலகப் பட்டத்தை கர்ட் ஹென்னிக்கிடமிருந்து வாங்கினார், அதை ஒப்புக்கொள்கிறேன்.

பழைய மாணவன்

மீனா, உங்கள் அப்பா கண்ணைப் பொத்தினார், எனக்கு அந்தக் கிழவி பொட்டலத்தை மூடினார். இரண்டும் ஒன்றா என்று தெரியவில்லை. ஊரில் பாரதக் கூத்து பதினெட்டாம் நாள் களிமண் துரியோதனன் படுத்துக் கிடப்பான், என் ஆச்சி துடைப்பத்தோடு போவாள். அவளிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

காலியர்வில் தம்பி, டப்பாவில் 1985 ஜூன் 3 இருக்கிறதா?

காலியர்வில் வாசி

இல்லை அண்ணே. 83 நவம்பரோடு நிற்கிறது. சிலிக்கா ஜெல் போட்டுவிட்டேன்.