புதுப்பிப்பு: நாக்குப் புற்றுநோய், ரத்தத்தில் நியூட்ரோபில் விகிதம் ஏன் கூடியது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. முன்கதை தெரியாதவர்களுக்கு: பெரியப்பாவுக்கு நாக்கின் ஓரத்தில் புற்றுநோய். ரத்தப் பரிசோதனையில், வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில் என்ற வகை 84 சதவீதம், லிம்போசைட் என்ற வகை 10 சதவீதம். தலை, கழுத்துப் புற்றுநோயில் லிம்போசைட்டுக்கு நியூட்ரோபிலின் விகிதம் கூடினால் நல்லதல்ல என்று யாரோ சொல்லப்போய் வீடே கலங்கிவிட்டது. அது உண்மையா என்றுதான் கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது, "ரத்தம் எடுத்தபோது ஸ்டீராய்டு சாப்பிட்டாரா?" என்று கேட்டவரின் யோசனை. மருந்துச் சீட்டைப் புரட்டினால், வீக்கத்துக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு எழுதியிருந்தது. அது நியூட்ரோபிலை ஏற்றும், லிம்போசைட்டை இறக்கும். மருந்தை நிறுத்திய பிறகு எடுத்த சோதனையில் நியூட்ரோபில் 66, லிம்போசைட் 25. பயந்தது ஒரு மாத்திரைக்கு!

எதிர்பாராதது, அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த திசு அறிக்கை. கட்டிக்குள்ளேயே லிம்போசைட்டுகள் அடர்த்தியாகப் புகுந்திருந்தன. பொதுவாக இது நல்ல அறிகுறி, அதிலும் புற்றணுக்களைக் கொல்லும் லிம்போசைட் வகையான சிடி8 டி செல்கள் மிகுந்திருந்தால் என்றார் மருத்துவர். ஆனால் அதை நம்பிக் கதிர்வீச்சைக் குறைக்க மாட்டார்களாம். கட்டி இறங்கிய ஆழம், வெட்டு விளிம்பு, கழுத்து நெறிக்கட்டி ஆகியவற்றைப் பார்த்துத்தான் முடிவு. நெறிக்கட்டி இரண்டில் நோய் இருந்ததால் கதிர்வீச்சு உண்டு.

சிலர் சொன்ன பி16 சோதனை (ஹெச்பிவி வைரஸால் வந்த புற்றுநோயா என்று பார்ப்பது) தேவைப்படவில்லை. டான்சில், அடிநாக்குப் புற்றுநோய்களுக்கே அது பெரிதும் உதவும். நோயெதிர்ப்பு சிகிச்சை (இம்யூனோதெரபி) பலன் தருமா என்று பார்க்கும் பிடி-எல்1 சோதனை பின்னால் வேண்டியிருக்கலாம் என்பதால், மெழுகுக்கட்டியில் பதித்த திசுவைப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறோம்.