கிரிப்டோ விளம்பரத்துக்கு எந்த யூடியூப் சேனல்?

மார்த்தாண்டம்காரன்:
ஒரு கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் (பிட்காயின் மாதிரி டிஜிட்டல் காயின் வாங்கி விற்கிற தளம்), விளம்பரத்துக்காக, புதுசா படிக்கிறவங்களுக்குப் பாடம் எடுக்கிற தமிழ் சேனல் கேட்குது. நாகர்கோவில், தக்கலை பக்கம் சேனல் நடத்துற மூணு பேர் கைவசம். சப்ஸ்கிரைபர் எண்ணிக்கை பார்த்துக் கொடுக்கலாமா?

வடசேரி:
எண்ணிக்கையை விடுங்க மக்கா. யூடியூப் ஸ்டூடியோவில் கடைசி 90 நாள் ஸ்கிரீன்ஷாட் வாங்குங்க: சராசரி பார்வை நேரம், பார்ப்பவர் வயது, ஊர். அப்புறம் கமெண்ட். "வாலட் (காயின் வைக்கிற கணக்கு) எப்படித் திறக்கணும்", "கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) ஏன் ரிஜெக்ட் ஆகுது"ன்னு கேள்வி வந்தால் பாடம் பார்க்கிறவங்களுக்குப் போய்ச் சேருது. "அடுத்து எந்தக் காயின் ஏறும்"னு மட்டும் வந்தால் அது டிப்ஸ் சேனல், நமக்கு வேண்டாம். டெலிகிராமில் காசு வாங்கி சிக்னல் (எதை எப்போ வாங்கணும், விக்கணும்ங்கிற டிப்ஸ்) விக்கிறாங்களான்னும் பாருங்க.

பத்மநாபபுரம்:
முதலில் எக்ஸ்சேஞ்ச் எஃப்ஐயு-இந்தியாவில் (பணமோசடியைக் கண்காணிக்கிற மத்திய அரசு அமைப்பு) பதிவு செஞ்சதான்னு கேளுங்க. இல்லேன்னா பேச்சே வேண்டாம். கிரிப்டோ விளம்பரத்துக்கு ஆஸ்கி (விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு) விதி 2022 ஏப்ரல் 1 முதல் இருக்கு. அபாய எச்சரிக்கை திரையில் குறைஞ்சது 5 வினாடி, குரலிலும், சாதாரண வேகத்தில். வீடியோ 2 நிமிஷத்துக்கு மேலேன்னா தொடக்கத்திலும் முடிவிலும். பலபேர் டிஸ்கிரிப்ஷனில் மட்டும் போட்டுட்டு மாட்டிக்கிறாங்க. லாபம் உறுதின்னு ஒரு வரிகூடக் கூடாது. யூடியூபில் வீடியோ ஏத்தும்போது பெய்டு புரமோஷன் (காசு வாங்கிய விளம்பரம்) பெட்டியையும் டிக் பண்ணணும்.

மார்த்தாண்டம்காரன்:
சம்பளம் எப்படி?

வடசேரி:
பாடத்துக்கு நிலையான தொகை. ரெஃபரல் கமிஷன் (லிங்க் வழியா ஆள் சேர்த்தால் வர்ற காசு) மட்டும்னா பாடம் விற்பனையாயிடும். கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி, விற்கும்போது 1% டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கிற வரி), ஒரு காயின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாதுங்கிறது மூணையும் ஸ்கிரிப்டில் கட்டாயமாக்குங்க. அதைச் சொல்லத் தயங்குற பிராண்டை சேனலுக்கே காட்டாதீங்க.