உலோகத் தூளை லேசரில் சுட்ட காலம்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பழைய டூல்ரூம்காரன்:

இன்று உலோக 3டி பிரிண்டிங் என்கிறார்களே, அதன் ஆரம்பக் காலக் கதை இது. நானே ஆரம்பிக்கிறேன். 1998. மேற்படிப்புக்காக ஜெர்மனியில் இருந்தேன். செலவுக்காக மியூனிக் பக்கத்தில் ஒரு சின்ன டூல்ரூமில், அதாவது அச்சும் கருவிகளும் செய்யும் பட்டறையில், பகுதிநேர வேலை. அங்கேதான் இஓஎஸ் என்ற ஜெர்மன் கம்பெனியின் எம் 250 மெஷினை முதலில் பார்த்தேன். 1995-ல் சந்தைக்கு வந்த மாடல். உள்ளே 200 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசர். வெண்கலத் தூளை ஒரு பிளேடு மெல்லப் பரப்பும், லேசர் கோடு கோடாகச் சுடும், மேடை மயிரிழை அளவு இறங்கும், மறுபடி தூள். இப்படியே ராத்திரி முழுக்க. காலையில் போனால் தூளுக்குள் புதைந்து கிடக்கும் இன்செர்ட்டை (பிளாஸ்டிக் வார்க்கும் அச்சுக்குள் பொருத்தும் துண்டு) தூரிகையால் துடைத்து எடுப்பதுதான் என் வேலை. கிழங்கு தோண்டுவது மாதிரி.

முதல் நாள் எடுத்தது ஒரு பழுப்புக் கட்டி, கைக்கு நல்ல கனம். உலோகம்தானே என்று கழுவப் போனேன். மேலே விழுந்த முதல் சொட்டுத் தண்ணீர் வழியவே இல்லை. காய்ந்த செங்கல் மாதிரி உறிஞ்சிக்கொண்டது! ஃபோர்மேன் ஓடிவந்து கையிலிருந்து பிடுங்கினார். உள்ளெல்லாம் நுண்துளை. எபாக்சி பிசினை ஊற விட்டு, ஷாட் பீனிங் (சின்ன உலோகக் குண்டுகளால் மேற்பரப்பை அடிப்பது) அடித்து, அப்புறம் பாலிஷ் போட்டால்தான் அது மோல்டு, அதாவது வார்ப்பு அச்சு. லேசர் வேலை ஒரு ராத்திரி என்றால் கைவேலை மூன்று நாள். விளம்பரத் தாளில் அந்த மூன்று நாளைத் தேடினாலும் கிடைக்காது.

ஒருமுறை அவசரம் என்று எபாக்சியைச் சரியாக ஊற விடாமல் அனுப்பிவிட்டோம். வாடிக்கையாளர் இடத்தில் கூலிங் தண்ணீரைத் திறந்ததும் மோல்டின் உள்முகம் வியர்த்துவிட்டது. நிஜமாகவே முத்து முத்தாகத் தண்ணீர். பிளாஸ்டிக் எங்கே வார்ப்பது? மெஷினைக் குறை சொல்ல முடியாது, எங்கள் அவசரம்தான்.

ஆனால் ஒரு விஷயத்துக்குக் கும்பிடு போட வேண்டும். களிமண் பானை சூளையில் சுருங்குகிறதல்லவா, உலோகத் தூளும் சுட்டால் அப்படித்தான் சுருங்கும். பின்லாந்தில் ருஸ்கோ என்ற ஊரில் வீட்டுச் சாமான் கம்பெனியான எலக்ட்ரோலக்ஸின் கிளை ஒன்று இருந்தது. அங்கே ஒல்லி நிருஹிலா என்பவர் வெண்கலமும் நிக்கலும் சேர்ந்த ஒரு கலவை கண்டுபிடித்தார். ஒன்று சுருங்கும்போது இன்னொன்று உப்பி ஈடுகட்டிவிடும். வரைபடத்தில் போட்ட அளவு ஏறக்குறைய அப்படியே கிடைக்கும். அந்தத் தூள் இல்லாவிட்டால் அந்த மெஷின் வெறும் பெட்டி என்பது என் கணக்கு.

ஆஸ்டின் பையன்:

அண்ணே, உங்களுடையது ஒரே சூடு. நாங்கள் பட்டது இரண்டு சூடு. 1997-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்தேன். கார்ல் டெக்கார்ட் தன் பேராசிரியர் ஜோ பீமனோடு சேர்ந்து இந்த வித்தையைத் தொடங்கிய இடம் அதுதான். 1986-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். முதல் மெஷினுக்குப் பெட்ஸி என்று பெயர். டெக்கார்ட் கையாலேயே தூள் தூவி, கமடோர் 64 கம்ப்யூட்டரை வைத்து லேசரை ஓட்டினாராம். வெளிவந்தது பிளாஸ்டிக் கட்டிகள்.

உலோகத்துக்கு எங்கள் வழி வேறு. ரேபிட்ஸ்டீல் என்று ஒரு தூள், எஃகு மணிகள் மேல் பாலிமர் பூச்சு. லேசர் அந்தப் பூச்சை மட்டும்தான் இளக்கும். பிஸ்கட் மாதிரி ஒரு உரு கிடைக்கும். நான் ஒன்றை மேஜையில் கொஞ்சம் அழுத்தி வைத்தேன், மூலை பொத்தென்று உதிர்ந்தது. எட்டு மணி நேர ஓட்டம் போச்சு. உடையாமல் தப்பியதை ஃபர்னஸில் (உலையில்) வைத்தால் பாலிமர் எரிந்துபோகும், எஃகு மணிகள் லேசாக ஒட்டும். அப்புறம் 1120 டிகிரியில் தாமிரம் உருகி உள்ளே ஏறும். விளக்குத் திரி எண்ணெய் இழுப்பது போலத்தான், யாரும் தள்ள வேண்டாம். வெட்டிப் பார்த்தால் ஐந்தில் இரண்டு பங்கு தாமிரம். 'எஃகு மோல்டு' என்று வாங்கிப் போனவர்களிடம் இதை யாராவது சொன்னார்களா தெரியாது.

லேத் குமாரு:

சார், ஒரு சந்தேகம். சுடுவதற்குப் பதில் நேராக உருக்கிவிட்டால் என்ன? ஏன் இந்தச் சுற்றுவழி?

பழைய டூல்ரூம்காரன்:

தம்பி, உருக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. எங்கள் கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரான். உலோகம் அதில் பெரும்பகுதியைக் கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பிவிடும். கிடைத்த கொஞ்சச் சூட்டில் எளிதாக உருகும் பொருளை மட்டும் உருக்கி, அதைப் பசையாக வைத்து மற்றதை ஒட்டினோம். ஜெர்மனியின் ஆஹன் நகரில் ஃபிரவுன்ஹோஃபர் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் 1996-லேயே முழுசாக உருக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டுவிட்டார்கள். 2004 வாக்கில் இஓஎஸ்ஸின் எம் 270 மெஷினில் ஃபைபர் லேசர் வந்தது. அலைநீளம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, உலோகம் நன்றாக வாங்கிக்கொண்டது. ஆனாலும் இஓஎஸ்காரர்கள் சின்டரிங் (முழுசாக உருக்காமல் சுட்டு ஒட்டுவது) என்ற பழைய பெயரை விடவில்லை, பெயர்ப்பலகை மாற்றச் சோம்பல் போல.

அந்த 1998 இன்செர்ட்டில் கழித்துப்போட்ட ஒன்று இன்னும் என் மேஜையில் காகிதத்துக்கு பாரமாக இருக்கிறது. எபாக்சி ஏறாத அடிப்பக்கத்தில் எப்போதோ காபி சிந்தினேன். எதைப் போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கறை போகமாட்டேன் என்கிறது.