கலியாணத்துக்கு இன்னும் பத்து வாரம், இந்தக் கிறீமை நிறுத்துவதா தொடர்வதா?

மணப்பெண்27:

அக்காமாருக்கு வணக்கம். நேரில் யாரிடமும் கேட்க வெட்கம், அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன், கத்தோலிக்கக் குடும்பம். தவக்காலம் தொடங்க முதல் கலியாணம். நான் நல்ல கறுப்பு, அம்மா வெள்ளை, தங்கச்சியும் அம்மா மாதிரி. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் அன்ரிமார் "மாப்பிள்ளை நல்ல நிறமாமே" என்று சொல்லிவிட்டு என் கையைப் பார்ப்பார்கள். முகத்தை இல்லை, கையை. ஒரு அன்ரி என்றால் நேராகவே கேட்டுவிட்டார், "போட்டோவுக்கு முதல் ஏதாவது செய்யலாமே மகள்" என்று.

பிரைடல் பேச ஒரு சலூனுக்குப் போனோம். அங்கே ஒரு கிறீம் தந்தார்கள், 4,500 ரூபா, வெள்ளை டப்பா, மேலே ஒரு எழுத்தும் இல்லை, அவர்களே கலப்பதாம். இரவில் பூசிக் காலையில் கழுவ வேண்டும். பூசும்போது சங்கிலி, மோதிரத்தைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள், நகை பழுதாகுமாம். உண்மையைச் சொன்னால் மூன்று கிழமையில் முகம் வெளுத்துத்தான் போனது, அம்மாவுக்கே ஆச்சரியம். அப்புறம் நான்கு நாள் மடு மாதா கோயிலுக்குப் போனபோது டப்பாவை மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் முகம் சிவந்து, மிளகாய்த்தூள் பட்ட மாதிரி எரிந்து, கன்னம் முழுக்கச் சின்னச் சின்னப் பரு. வீட்டுக்கு வந்து திரும்பப் பூசியதும் அடங்கிவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. மெலிய வேண்டும் என்று நான்கு மாதமாக மத்தியானச் சோற்றை விட்டுவிட்டேன், இரவில் பிளேன்ரீயும் மூன்று கிறீம் கிரக்கரும்தான். ஏழு கிலோ குறைந்தது. ஆனால் தலை முழுகினால் கைநிறைய முடி வருகிறது.

கலியாணம் வரைக்கும் கிறீமைப் பூசிவிட்டுப் பிறகு நிறுத்தலாமா? இப்படி முகத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பது பாவமா என்றும் ஒரு குழப்பம். அவரிடம் கேட்டால் "நீ எப்படி இருந்தாலும் எனக்குச் சரி" என்கிறார். நல்லவர்தான், ஆனால் போட்டோவைப் பார்த்துக் கதைக்கப் போகிறது அவர் இல்லையே.

சகோதரன்_ஜெபவீரன்:

1 பேதுரு 3:3 வாசியுங்கள் சகோதரி. புறம்பான அலங்கரிப்பு தேவனுக்கு அருவருப்பு. உள்ளான மனுஷனைப் பாருங்கள், எல்லாம் சரியாகும்.

மருந்துக்கடைக்காரி:

தம்பி, அந்த வசனத்தில் அருவருப்பு என்ற சொல்லே இல்லை, நீங்களாகச் சேர்த்தது. பிள்ளைக்கு முகம் எரிகிறது, முதலில் அதைப் பார்ப்போம்.

தங்கச்சி, வெள்ளவத்தையில் ஒரு பார்மசியில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். உங்கள் பதிவில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது சிவப்பும் பருவும் இல்லை. நகையைக் கழற்றச் சொன்னார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. தங்கம், வெள்ளி படக்கூடாது என்று ஒரு கிறீமுக்குச் சொன்னால் அதில் பாதரசம் இருக்கிறதோ என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். பாதரசம் தங்கத்தோடு சேர்ந்துவிடும், அதுதான் காரணம். தோலில் நிறம் உண்டாவதை அது தடுக்கும், அதனால் சீக்கிரம் வெளுக்கும். ஆனால் தோலோடு நிற்காது, உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தில் சேரும். காலையில் கண்மடல் வீங்குகிறதா, கால் வீங்குகிறதா, சிறுநீர் நுரைக்கிறதா என்று கவனியுங்கள். இப்போது ஒன்றும் இல்லை என்றாலும் சோதிக்கத்தான் வேண்டும்.

நிறுத்தினால் எரிந்து, பூசினால் அடங்குகிறது என்கிறீர்களே, அது ஸ்டெரொய்ட் செய்கிற வேலை. குளோபெட்டசோல், பெட்டாமெதசோன் மாதிரிப் பலமான மருந்துகளை இந்தக் கலவைகளில் போடுவார்கள். டொக்டர் எழுதித்தந்து கொஞ்ச நாள் பூசினால் நல்ல மருந்து. முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து நரம்பு தெரியும், பரு வரும், நிறுத்தும்போது இரட்டிப்பாகத் திருப்பி அடிக்கும். டப்பாவைப் பார்க்காமல் இதுதான் என்று என்னால் சத்தியம் பண்ண ஏலாது, இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

அதனால் "கலியாணம் வரைக்கும்" என்ற கதையே வேண்டாம். இன்றிரவே பூசாதீர்கள், நாளைக்கே டொக்டரிடம் போங்கள். அந்தச் சிவப்பு திரும்ப வரும். அதற்குப் பயந்துதான் எல்லாரும் மறுபடி டப்பாவைத் திறக்கிறார்கள். சிவப்பை எப்படி இறக்குவது என்று டொக்டர் சொல்வார், தேவையென்றால் சாதுவான மருந்து தந்து படிப்படியாகக் குறைப்பார். பெரியாஸ்பத்திரியில் தோல் கிளினிக் இருக்கிறது, காசு இல்லை. டப்பாவை எறியாமல் ஒரு பொலித்தீன் பையில் கட்டிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். சிறுநீரில் பாதரசமும் புரதமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சும்மா பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் மினமாட்டா என்று ஒரு ஊர், தொழிற்சாலைப் பாதரசம் கடலில் கலந்து, மீன் சாப்பிட்ட சனம் நரம்பு நோயில் விழுந்தது, 1956இல் வெளியே வந்த விஷயம். அந்த ஊரின் பெயரில்தான் பாதரசத்துக்கு எதிராக உலக உடன்படிக்கை இருக்கிறது, இலங்கையும் 2017இல் சேர்ந்தது. முதலில் முகக்கிறீமில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை விட்டுவைத்திருந்தார்கள். 2023இல் கூடியபோது அதையும் எடுத்துவிட்டு, 2025க்குப் பிறகு பாதரசம் சேர்த்த அழகுப்பொருளே கூடாது என்று முடிவெடுத்தார்கள். எழுத்தே இல்லாத டப்பாவுக்கு இது எதுவும் தெரியாது.

ஒரு கேள்வி. வீட்டில் சின்னப் பிள்ளைகள் யாரும் இருக்கிறார்களா?

தெஹிவளை அன்ரி:

மகள், மருந்துக்கதை மேலே வந்துவிட்டது, நான் மற்றதைச் சொல்கிறேன். எனக்கு 52 வயது, நானும் கறுப்பு. என் காலத்தில் இவ்வளவு கிறீம் இல்லை, கஸ்தூரி மஞ்சளும் கடலைமாவும்தான். கலியாணத்துக்கு மேக்கப் போட்ட பெண் எனக்கு இரண்டு நிறம் கூட்டிப் பவுண்டேஷன் போட்டுவிட்டாள். அல்பத்தில் இன்றைக்கும் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், பூச்செண்டு பிடித்த கை வேறொரு நிறம். கணவர் இப்போதும் அதைக் காட்டி "இது யார், உன் அக்காவா" என்று கேட்பார். நீங்கள் முதலே ஒரு நாள் ட்ரயல் போட்டு, பகல் வெளிச்சத்தில் கழுத்தோடு சேர்த்துப் பாருங்கள். போட்டோ எடுக்கிறவரிடமும் வெளுப்பாக்க வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள், கேட்காமலே செய்வார்கள்.

பாவமா என்று கேட்டீர்கள். நாங்கள் மெதடிஸ்ட், எங்கள் பைபிளில் உன்னதப்பாட்டு, உங்களுடையதில் இனிமைமிகு பாடல். முதலாம் அதிகாரத்தில் அந்தப் பெண் "நான் கறுப்பாயிருந்தாலும், அழகாயிருக்கிறேன்" என்கிறாள். அந்த "இருந்தாலும்" எனக்குச் சின்ன வயதிலிருந்தே முள் மாதிரிக் குத்தும். எங்கள் பெண்கள் ஐக்கியத்துக்குப் படிப்பிக்க வந்த ஒரு போதகர்தான் சொன்னார், எபிரேயத்தில் அங்கே இருப்பது "வாவ்" என்ற ஒரே எழுத்து, "உம்" என்றும் கொள்ளலாம், "ஆனால்" என்றும் கொள்ளலாம், பழைய கிரேக்கப் பெயர்ப்பில் "உம்" என்றுதான் இருக்கிறது, லத்தீனில்தான் "ஆனால்" ஆகியது என்று. கறுப்பும் அழகும். அடுத்த வசனத்தையும் வாசியுங்கள், திராட்சைத் தோட்டத்தில் காவலுக்கு விட்டார்கள், வெயில் பட்டது என்கிறாள், வேலை செய்து கறுத்தவள். இதைக் கேட்டு அன்றைக்கு நான் அழுதேன், சும்மா ஒரு எழுத்துக்காக.

முகத்தைப் பற்றி யோசிப்பது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். கலியாணப்பெண் யோசிக்காமல் வேறு யார் யோசிப்பது?

அப்புறம் சாப்பாடு. இதில்தான் எனக்குக் கோபம். இப்போது கொட்டுகிற முடி இரண்டு மூன்று மாதத்துக்கு முதல் நீங்கள் பட்டினி கிடந்ததின் கணக்கு. இன்றைக்குச் சாப்பிடத் தொடங்கினாலும் நிற்கக் கொஞ்ச நாள் எடுக்கும், பதறாதீர்கள். மத்தியானம் சோறு சாப்பிடுங்கள், சிவப்பரிசி, தட்டில் கால்வாசி போதும், பாதிக்கு மரக்கறியும் கீரையும், மிச்சத்துக்கு மீனோ பருப்போ. நெத்தலி, சூடை எல்லாம் மலிவுதானே. வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் விட்டால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். ஆனால் சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் அந்த இரும்பு வீணாகும், ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். இரவில் குரக்கன் புட்டும் ஒரு கறியும். கிறீம் கிரக்கர் சாப்பாடு இல்லை மகள்.

தராசைத் தள்ளி வைத்துவிட்டு அளவு நாடாவை எடுங்கள். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் சீனி, பிரஷர் பற்றிக் கவனம் எடுக்க வேண்டும். உள்ளே நின்றால் பிளவுஸைத்தான் உங்கள் அளவுக்குத் தைக்க வேண்டும், பிளவுஸுக்காக நீங்கள் மெலிய வேண்டியதில்லை. அம்மாவுக்கும் சொல்லுங்கள், எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவுகளில் வெல் வுமன் கிளினிக் 1996இலிருந்து நடக்கிறது, 35 வயதுக்கு மேல் இலவசமாக மார்பு, கர்ப்பப்பை வாய், பிரஷர், சீனி எல்லாம் பார்ப்பார்கள். என் இரத்தத்தில் சீனி இருப்பது அங்கேதான் தெரிந்தது, அதற்கு முதல் என் முகத்தை மட்டும்தான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் விடியற்காலையில் மரைன் டிரைவில் நடக்கிறேன். வர விருப்பம் என்றால் சொல்லுங்கள்.

மணப்பெண்27:

அக்கா, உங்கள் பதிலை வாசித்துவிட்டு மோதிரத்தை எடுத்துப் பார்த்தேன். நிச்சயதார்த்த மோதிரம், 22 கரட். இரண்டு தரம் கழற்ற மறந்து கிறீம் பூசியிருக்கிறேன். உள்பக்கத்தில் சின்ன விரல் நகமளவு ஈயம் பூசிய மாதிரி வெள்ளை. சவர்க்காரம் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன், போகவில்லை.

சின்னப் பிள்ளை இருக்கிறது. அண்ணாவின் மகன், ஒன்றரை வயது. மத்தியானத்தில் என் கன்னத்தில் கன்னம் வைத்துத்தான் தூங்குவான்.

செட்டியார்தெரு மகள்:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் அப்பா செட்டியார் தெருவில் நகைப் பட்டறை வைத்திருந்தவர். பாதரசம் பட்ட பொன் அப்படித்தான் வெளுக்கும், துடைத்தால் போகாது. கடையில் கொடுத்தால் நெருப்பில் காட்டித்தான் எடுப்பார்கள், அந்தப் புகை வேலை செய்கிறவருக்கு விஷம். ஆகவே சும்மா "மினுக்கித் தாருங்கள்" என்று கொடுக்காமல் பாதரசம் பட்டது என்று சொல்லிக் கொடுங்கள். நீங்கள் வீட்டில் அடுப்பில் பிடித்துப் பார்க்க வேண்டவே வேண்டாம். இப்போதைக்கு விரலில் போடாமல் ஒரு சின்னப் போத்தலில் மூடி வையுங்கள்.

மருந்துக்கடைக்காரி:

பார்த்தீர்களா. தலையணை உறை, முகம் துடைத்த துவாய் எல்லாவற்றையும் புறம்பாகத் துவையுங்கள், பிள்ளையை இப்போதைக்கு முகத்தோடு அணைக்க வேண்டாம். டொக்டரிடம் பிள்ளையைப் பற்றியும் மறக்காமல் சொல்லுங்கள், அவனையும் பார்க்கச் சொல்வார். அண்ணிக்கும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம்.

மணப்பெண்27:

சொல்லிவிட்டேன். அண்ணி அழுதார், பிறகு என்னோடு வருகிறேன் என்றார். சலூனுக்குப் போன் பண்ணிக் கேட்டேன், எல்லாருமே இதைத்தான் பூசுகிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன என்றார்கள். முகம் இப்போதே எரியத் தொடங்கிவிட்டது, ஐஸ் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாளை காலை நான், அண்ணி, சின்னவன், பொலித்தீன் பையில் டப்பா.

அன்ரி, நடக்க வருகிறேன். முகம் இப்படி இருக்கும்போது வரலாமா தெரியவில்லை.

தெஹிவளை அன்ரி:

அந்த நேரம் இருட்டுத்தான் மகள், யாரும் பார்க்க மாட்டார்கள். சனிக்கிழமை ஐந்தேகாலுக்கு, வெள்ளவத்தை ஸ்டேஷனுக்கு முன்னால். குடை கொண்டு வாருங்கள், மழை வந்தாலும் வரும்.