சென்ட்ரியோலுக்குக் ‘குழலச்சு’: எண்ணிக்கை பெயருக்குள் வேண்டாம்

வணக்கம்.

சென்ட்ரியோல் (centriole) என்பது செல்லுக்குள் இருக்கும், குழல்களால் ஆன ஒரு நுண்ணிய உறுப்பு. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த உரையாடலில் ‘ஒன்பான் முக்குழல்’ என்ற பரிந்துரையைப் பலரும் ஆதரித்திருக்கிறீர்கள். சொல் அழகாகத்தான் இருக்கிறது. மனிதச் செல்லுக்கு அப்படியே பொருந்தவும் செய்கிறது: மும்மூன்றாக ஒட்டிய நுண்குழல்கள் (புரதத்தாலான மிக மெல்லிய குழல்கள்) ஒன்பது தொகுதிகளாக வட்டமிட்டு நின்று ஓர் உருளையாகின்றன, நீளம் சுமார் 450 நானோமீட்டர், விட்டம் சுமார் 250. ஆனால் மனிதச் செல்லை விட்டு வெளியே வந்ததும் இந்தப் பெயர் தடுமாறத் தொடங்கிவிடும்.

ஆய்வகங்களில் வளர்க்கும் சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் புழுவில் ஒன்பது உண்டு, முக்குழல் கிடையாது, ஒற்றைக் குழல்கள்தான். விட்டமும் 100 நானோமீட்டர் அளவே. பழ ஈயின் கருவில் இரட்டைக் குழல்கள். அதே ஈயின் விந்தணுத் தாய்ச்செல்லில் போய்ப் பார்த்தால் முக்குழல்கள், நீளமும் பல மடங்கு! ஒரே உயிரின் இரண்டு திசுக்களுக்கு இரண்டு பெயரா வைப்பது?

சரி, ‘ஒன்பது’ மட்டுமாவது தேறுமா? பெரும்பாலான உயிர்களில் தேறும். ஆனால் மண்ணில் வாழும் அசெரென்டோமான் என்ற நுண்ணிய கணுக்காலியில் 14 இரட்டைக் குழல்கள் இருக்கின்றன. சியாரா என்ற சிறு ஈயின் விந்தகத்திலோ 60 முதல் 90 வரை ஒற்றைக் குழல்கள் வட்டமாக நிற்கின்றன. விதிவிலக்குகள்தான், ஒப்புக்கொள்கிறேன். அவற்றையும் சென்ட்ரியோல் என்றே உலகம் அழைக்கிறது என்பதால், நம் சொல்லுக்குள்ளும் அவை அடங்க வேண்டும்.

ஒன்பது என்ற எண்ணைப் பற்றிப் பேச வேண்டிய இடம் வேறு. சென்ட்ரியோல் பிறக்கும்போது அதன் அடியில் முதலில் உருவாவது ஒரு சக்கரம். சாஸ்-6 என்ற புரதம் இரண்டிரண்டாகச் சேர்ந்து, அப்படி ஒன்பது சோடிகள் கைகோத்து நடு வளையமாகின்றன. ஒவ்வொரு சோடியின் நீண்ட வாலும் வெளிப்பக்கம் நீண்டு ஒரு கம்பியாகிறது. இந்த அமைப்பு 2011-இல் படிக ஆய்வில் தெளிவானது. இதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். வண்டிச் சக்கரத்துக்குத் தமிழில் உறுப்பு உறுப்பாகப் பெயர் இருக்கிறது: நடுவே குறடு, அதிலிருந்து ஆரக்கால். அமைப்பை ‘ஆரச்சக்கரம்’ என்போம். கறையான் குடலில் வாழும் டிரைக்கோனிம்ஃபா என்ற ஒருசெல் உயிரியில் இந்தச் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல மைக்ரோமீட்டர் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். மனிதச் செல்லில் சென்ட்ரியோல் முதிரும்போது சக்கரம் கழன்றுவிடும்.

அடுத்தது, சென்ட்ரியோலுக்கு ஏற்கெனவே உள்ள ‘புன்மையத்தி’, ‘நுண்மையம்’ போன்ற சொற்கள். இவற்றை எதிர்க்க எனக்கு மனமில்லை, புழக்கத்தில் இருப்பவை. ஆனாலும் ‘மையம்’ என்பது செல் பிரியும்போது நடுவே நின்று உதவும் இந்த உறுப்பின் ஒரு வேலையை மட்டும், அதுவும் இல்லாமலே சமாளிக்கக்கூடிய ஒரு வேலையை மட்டும் சொல்கிறது. பூக்கும் தாவரங்களில் சென்ட்ரியோலே இல்லை. செல்கள் குறையின்றிப் பிரிகின்றன. சென்ட்ரியோல் உருவாகாத பழ ஈக்கள்கூட முழு ஈயாக வளர்ந்துவிடுவதை 2006-இல் காட்டினார்கள். ஆனால் கூட்டிலிருந்து வெளிவந்த சிறிது நேரத்தில் இறந்துபோகின்றன, ஏனென்றால் அவற்றின் உணர்நரம்புகளில் குறுஇழை (cilium, செல்லிலிருந்து நீளும் மயிர் போன்ற இழை) இல்லை. பெரணிச் செடியையும் ஜிங்கோ மரத்தையும் பாருங்கள். உடற்செல்களில் சென்ட்ரியோல் கிடையாது. கசையிழையோடு (flagellum, சாட்டை போன்ற வால்) நீந்த வேண்டிய விந்தணு உருவாகும்போது மட்டும் புதிதாகத் தோன்றுகிறது. பிளனேரியா தட்டைப்புழுவிலும் குறுஇழை தாங்கும் செல்களில்தான் அது உண்டு.

ஆக, எங்கே குறுஇழையோ கசையிழையோ வேண்டுமோ அங்கே இது வேண்டும். அந்த இழைகளின் அடியில் இருக்கும் அடியுடலும் (basal body) சென்ட்ரியோலும் ஒன்றே என்ற கருத்து 1898-லேயே முன்வைக்கப்பட்டது. செல்சவ்வின் அடியில் போய் நின்றதும் இதன் ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு குழல்கள் அப்படியே மேலே நீண்டு இழையின் உள்சட்டமாகின்றன. குழல்களின் வரிசையை வார்த்துக் கொடுக்கும் அச்சு இது.

அதனால் என் பரிந்துரை ‘குழலச்சு’. எண் இல்லை, ஒற்றையா மும்மையா என்ற கேள்வி இல்லை, புழுவுக்கும் பெரணிக்கும் மனிதருக்கும் பொருந்தும். இழையின் உள்சட்டத்தை ‘அச்சிழை’ என்றால் இரண்டும் உறவுச் சொற்களாக நிற்கும். சென்ட்ரியோல் சோடியையும் அதைச் சூழ்ந்த புரதத்தையும் சேர்த்துச் சொல்லும் சென்ட்ரோசோமுக்கு ‘மையவுடல்’ இருக்கட்டும், அங்கே மையம் என்பது சரிதான். பழையது தாய்க் குழலச்சு, அதன் பக்கவாட்டில் செங்குத்தாக முளைப்பது சேய்க் குழலச்சு.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: “எலிகன்ஸ் புழுவின் குழலச்சில் ஒன்பது ஒற்றைக் குழல்கள் உள்ளன.” “சேய்க் குழலச்சின் அடியில் ஆரச்சக்கரம் முதலில் உருவாகிறது.” எனக்கு இடறவில்லை. ‘அச்சு’ சுழலும் அச்சோடு குழம்புமா என்பது மட்டுமே என் தயக்கம். வகுப்பில் இதைக் கற்பிப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.